பழவேற்காட்டில் திறந்த கதவு
(ஆபிரகாம் ரொஜேரியஸ் வாழ்க்கை வரலாறு)

சென்னையிலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் நம் சமூகத்தார் புழலில் இறங்கி, அங்குக் கோயில் கொண்டுள்ள ஆதிநாத பகவானை வணங்காமல் மேற்செல்வது அரிது. நாமும் அவ்வாறே வணங்கிப் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை அடைந்தோம். ஆரணியாறு வந்து கலக்கும் பெரிய உவர்நீர் ஏரி அது. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பாரதத்தில் பெரியது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. கரையெங்கும் மீனவர் குப்பங்கள். வலை உலரும் மணலும், கவிழ்த்து வைத்த படகுகளுமாகக் காட்சி தரும் இவ்வூரில் ஜைன அன்பர்கள் காண வேண்டியது யாது என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகிறோம்.

ஊரின் நடுவே டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். யாக்கை நிலையாமையை நம் ஆசாரியர்கள் பன்னிரண்டு அநுபிரேக்ஷைகளில் ஒன்றாக வைத்துத் தியானிக்கச் சொன்னார்கள். கடல் கடந்து வந்த வணிகரோ அதனைக் கல்லில் வடித்துத் தம் வாயிலிலேயே வைத்துவிட்டார்கள். அத்தோட்டத்துக்கு அருகில் கோட்டையொன்று இருந்தது. இன்று அது புதர் மண்டிய மேடு. அக்கோட்டைக்குள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வாழ்ந்த ஒரு போதகரின் வரலாற்றையே இங்கே கூறப் புகுகின்றோம். அவர் பெயர் ஆபிரகாம் ரொஜேரியஸ். நம் நாட்டின் நீதி நூலொன்றை முதன்முதலாக ஐரோப்பிய மொழியில் தந்தவர் என்று அறிஞர் உலகம் அவரைப் போற்றுகிறது.

கோட்டையும் கம்பெனியும்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்ச்சுகீசியர் பழவேற்காட்டிற்கு வந்துவிட்டனர். நூறு ஆண்டுகள் கழிந்து டச்சுக்காரர் வந்தனர். அப்பொழுது ஆண்ட விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதிராயர் 1610இல் அவர்களுக்கு இவ்வூரில் வாணிகம் செய்ய உரிமை அளித்தார். 1612இல் போர்ச்சுகீசியர் அவர்களின் பண்டசாலையைத் தாக்கினர். அதன்பின் 1613இல் எழுந்ததே கெல்ட்ரியா கோட்டை. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக 1690 வரை அது விளங்கியது. பின்னர் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1806இல் ஆங்கிலேயர் அக்கோட்டையை இடித்துத் தள்ளினர்.

இக்கோட்டை எதற்காக எழுந்தது? துணிக்காக. பழவேற்காட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த நெசவாளர் நெய்த வண்ணத் துணிகளுக்குக் கீழ்த்திசைத் தீவுகளில் பெரும் வரவேற்பு இருந்தது. துணியைக் கொடுத்து அங்கே கிராம்பும் சாதிக்காயும் சாதிபத்திரியும் வாங்கினர். அவற்றை ஐரோப்பாவில் விற்றுப் பொன்னாக்கினர். கோட்டைக்குள் வெடிமருந்து செய்யும் சாலையும் இயங்கியது. அங்குச் செய்த மருந்து கீழ்த்திசையெங்கும் கம்பெனியின் பீரங்கிகளுக்குச் சென்றது. இவ்விவரங்களை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நம் கதையின் அறம் இவற்றைத் தொட்டே நிற்கிறது.

போதகர் வருகை

ரொஜேரியஸ் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டில் பிறந்தவர். லெய்டன் நகரில் அந்தோனியுஸ் வாலேயுஸ் என்னும் பேராசிரியர் 1622இல் நிறுவிய குருமடத்தில் பயின்றவர். கீழ்த்திசைக்கு அனுப்பப்படும் போதகர்களைப் பயிற்றுவதற்கென்றே அது தோன்றியது. அதன் செலவை ஏற்றது டச்சுக் கம்பெனி. ஆகவே அங்குப் பயின்று வெளிவந்த போதகர் கடவுளுக்கு ஊழியர் என்பதோடு கம்பெனிக்கும் ஊழியராவார். அவருக்குச் சம்பளம் தந்ததும், எங்கே செல்ல வேண்டும், எப்பொழுது திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானித்ததும் கம்பெனியே.

1630இல் அவர் தாயகத்தை விட்டுப் புறப்பட்டார். சூரத்தில் சிறிது காலம் பணிபுரிந்து, 1633ஐ ஒட்டிப் பழவேற்காட்டிற்கு வந்து சேர்ந்தார். கோட்டையிலிருந்த டச்சுக் குடும்பத்தாருக்கும், போர்ச்சுகீசிய மொழி பேசிய கலப்பினக் கிறித்தவருக்கும் வழிபாடு நடத்துவதே அவரது கடமை. அதனை மட்டும் செய்துவிட்டு அவர் அமைதியாகக் காலம் கழித்திருக்கலாம். அக்காலத்து ஐரோப்பியர் பலரும் நம் மக்களை உருவங்களை வணங்கும் அறிவிலிகள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டுத் தம் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தனர். ரொஜேரியஸோ கோட்டைச் சுவருக்கு வெளியே வாழ்ந்த மக்கள் எதனை நம்புகின்றனர், எவ்வாறு மணம் புரிகின்றனர், இறந்தோரை எவ்வாறு அடக்கம் செய்கின்றனர், மறுமையைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்று அறிய விரும்பினார். அதனைத் தம் யூகத்தால் எழுதாமல், அறிந்தவரிடம் கேட்டு எழுத முடிவு செய்தார்.

பத்மநாபர் நட்பு

அந்நாளில் உள்நாட்டில் ஏற்பட்ட பகை காரணமாகக் கோட்டையின் நிழலில் அடைக்கலம் புகுந்திருந்தார் பத்மநாபர் என்னும் பிராமணர். கடற்கரை வணிகத்தின் பொதுமொழியாக இருந்த போர்ச்சுகீசியம் அவருக்குத் தெரியும். ரொஜேரியஸுக்கும் அம்மொழி தெரியும். இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மூன்றாம் மொழி இருவரையும் இணைத்தது. ஒருவர் தம் நாட்டைவிட்டுத் தொலைதூரம் வந்தவர், மற்றவர் தம் ஊரைவிட்டு ஓடிவந்தவர். இவ்விருவரும் அமர்ந்து உரையாடியதன் பயனே பின்னாளில் உலகறிந்த நூலாயிற்று. தமர்சர் என்னும் மற்றொரு பிராமணரும் சில செய்திகளைக் கூறி உதவினார்.

வேதங்கள் நான்கு என்பதையும் அவற்றின் பெயர்களையும் ரொஜேரியஸ் கேட்டு எழுதினார். அவர் எழுதிய வடிவில் ஒவ்வொரு பெயரும் வேதம் என்ற தென்னாட்டு ஈற்றோடு முடிகிறது. சோழமண்டலக் கரையின் நாவே அவருக்கு ஆசிரியராய் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வருணப் பிரிவுகள், பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகள், கோயில் வழிபாடு, திருவிழா, கணவனோடு உடன்கட்டை ஏறும் கொடுமை ஆகிய அனைத்தையும் முறைப்படுத்தி வரைந்தார்.

இவற்றுள் நம் மனத்தைக் கவர்வது ஒன்று உண்டு. இம்மக்கள் கடவுளையும் சமயத்தையும் அறியாத விலங்குகளைப் போன்றவர் என்று எவரும் கருத வேண்டா என்று தம் நாட்டாருக்கு அவர் எடுத்துரைத்தார். தம் சமயமே மெய் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. நூலின் பெயரிலேயே நம் நாட்டுச் சமயத்தைப் புறச்சமயம் என்றுதான் குறித்தார். ஆயினும், மாற்றாரிடத்தும் அறிவின் ஒளி உண்டு என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. தமக்குச் செய்தி தந்தவர் பத்மநாபர் என்று பெயர் சுட்டி எழுதியதும் அந்நேர்மையின் பாற்பட்டதே. கேட்டதைத் தம் கண்டுபிடிப்பாகக் காட்டிக்கொள்வோர் மலிந்த உலகில் இதனைச் சிறிய செயலாக நாம் கருதவில்லை. கள்ளாமை என்னும் அணுவிரதம் பொருளுக்கு மட்டுமா உரியது? அறிவுக்கும் அது பொருந்துமன்றோ?

பர்த்ருஹரி கடல் கடந்த கதை

நூலின் இறுதியில் ரொஜேரியஸ் ஓர் அரிய பொருளைச் சேர்த்தார். பர்த்ருஹரியின் சதகங்களைப் பத்மநாபர் போர்ச்சுகீசியத்தில் விளக்கிக் கூற, அவர் அவற்றைத் டச்சு மொழியில் எழுதிக்கொண்டார். வைராக்கியம் பற்றிய நூறும் நீதி பற்றிய நூறும் இவ்வாறு மொழிபெயர்ந்தன. சிருங்காரம் பற்றிய மூன்றாவது நூற்றினைச் சொல்லப் பத்மநாபர் விரும்பவில்லை.

சார்லஸ் வில்கின்ஸ் பகவத் கீதையை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆண்டு 1785. அதற்கு 134 ஆண்டுகளுக்கு முன்பே, ஏரிக்கரைக் கோட்டையொன்றில் தொடங்கிய இப்பணி அச்சேறிவிட்டது. செல்வம் நில்லாது, இளமை நில்லாது, அரசர் அருள் நம்பத்தக்கதன்று, அறிவே அணிகலன், நாவடக்கமே காவல் என்றெல்லாம் நம் முன்னோர் எண்ணிய எண்ணங்களை ஹாலந்து நாட்டு வாசகர் தம் மொழியில் படித்தனர். நாலடியாரில் நம் முனிவர்கள் அருளிய நெறிக்கு எவ்வளவு அண்மையில் இவ்வெண்ணங்கள் நிற்கின்றன என்பது அன்பர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். நம் நாலடியார் ஜி.யு. போப் அவர்களால் ஆங்கில உரு பெற்றது 1893இல்தான்.

பர்த்ருஹரிக்கும் ஜைன உலகிற்கும் உள்ள உறவை நம்மவரே பலர் அறியார். அவருடைய சதகங்களுக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உரையை எழுதியவர் தனசாரகணி என்னும் ஜைன முனிவர். பிற்காலத்தில் டி.டி. கோசாம்பி என்ற பேரறிஞர் நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டுச் சதகங்களைப் பதிப்பித்தபோது, அப்பதிப்பு 1948இல் வெளிவந்ததும் சிங்கி ஜைன கிரந்தமாலையின் வழியாகத்தான். வேதநெறியைப் போற்றிய கவி ஒருவரின் வாக்கில் நல்லது கண்டபோது அதனை ஏற்று உரை வரைந்து காத்தவர்கள் நம் முனிவர்கள். மாற்றார் நூல் என்று அதனைத் தள்ளவில்லை. ரொஜேரியஸ் நடந்த வழியில் அவருக்கு முன்பே நடந்தவர் நம்மிடையே இருந்தனர்.

பாஷண்டம் என்னும் சொல்

ரொஜேரியஸின் நூலில் நம் உள்ளத்தைச் சற்று வருத்தும் இடமும் ஒன்று உண்டு. பத்மநாபர் கூறியவாறு அவர் ஆறு வகைச் சமயத்தாரைப் பட்டியலிடுகிறார். வைஷ்ணவர், சைவர், ஸ்மார்த்தர், சார்வாகர், பாஷண்டர், சாக்தர் என்போர் அவர்கள். பாஷண்டர் என்ற சொல்லைக் கண்டதும் நாம் சிறிது நின்றோம். வேதத்தை ஏற்காதாரை, குறிப்பாகப் பௌத்தரையும் ஜைனரையும், பழிக்கும் சொல்லாகப் பல நூற்றாண்டுகள் வழங்கிய சொல் அது.

அச்சொல்லின் பழைய வரலாறோ வேறு. அசோக மாமன்னரின் பன்னிரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டில் பாஷண்டம் என்பதற்குச் சமயம் என்பதே பொருள். எல்லாப் பாஷண்டத்தாரையும் மதிக்க வேண்டும் என்பதும், தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்திற்கே தீங்கு செய்கிறான் என்பதும் அக்கல்வெட்டின் கருத்து. சிலப்பதிகார காலத்திலும் அச்சொல் நம் மொழியில் இழிவின்றி வழங்கியது. சமயம் என்று பொருள்பட்ட சொல் காலப்போக்கில் பொய்ச்சமயம் என்று பொருள்படலாயிற்று. சொல்லைத் திரித்தது அகராதியன்று. அரசவையில் யாருடைய கை ஓங்கியிருந்ததோ, அவர்கள் நாவில் பிறருடைய பெயர் வசையாக மாறிற்று. இதனை நம் சமூகத்தார்க்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பாறைகளிலும் குகைகளிலும் கைவிடப்பட்ட நம் பள்ளிகள் அதனைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

ரொஜேரியஸிடம் இதற்காக நாம் குறை காணவில்லை. அவர் கேட்டதை எழுதினார். ஆனால் அவர் கேட்டது பெரிதும் ஒரு குலத்தாரிடம், அவருள்ளும் ஓரிருவரிடம். பத்மநாபர் கண்ட உலகமே நூலில் பாரத உலகமாக நின்றது. யானையைக் கண்ட குருடர் கதையை நம் குழந்தைகளும் அறிவர். ஒருவர் சொல் பொய்யாக இல்லாதபோதும், அது ஒரு நோக்கில் மட்டுமே மெய்யாக இருக்கக்கூடும் என்பதே அநேகாந்தம். கதவைத் திறந்தவர் ரொஜேரியஸ். ஆனால் பல வாயில்கள் உள்ள மாளிகையில் அவர் திறந்தது ஒரு கதவையே. உலகைப் படைத்த கடவுள் ஒருவரை ஒப்புவதே சமயத்தின் அளவுகோல் என்று அவர் கொண்டிருந்தார். படைப்போன் இன்றியே வினையும் பயனும் வீடும் உண்டு என்னும் நம் ஸித்தாந்தத்தை அக்கோல் கொண்டு அளக்க இயலாது.

கோட்டையின் மறுபுறம்

இனி நாம் கூற வேண்டியது கசப்பானது. நீதி சதகத்தின் மொழிபெயர்ப்பு நிகழ்ந்த அதே கோட்டையில் மனிதரை விலை பேசும் வாணிகமும் நிகழ்ந்தது. நாட்டில் பஞ்சமோ போரோ வந்தபோதெல்லாம் மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். அவர்களை வாங்கிக் கப்பலேற்றியது கம்பெனி. 1622-23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் கொண்டுபோகப்பட்டனர். 1646ஐ ஒட்டி மேலும் 2,000 பேருக்கு மேல். 1659-61 ஆண்டுகளில், பீஜப்பூர்ப் படையால் தஞ்சை நாடு அழிவுற்றபோது, சோழமண்டலக் கரையிலிருந்து சென்றோர் 8,000க்கும் மேல் என வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர்.

இவர்கள் எதற்காகக் கொண்டுபோகப்பட்டனர்? சாதிக்காய் விளையும் பந்தாத் தீவுகளைத் தனியுரிமையாக்க விரும்பிய கம்பெனி, 1621இல் யான் பீட்டர்ஸோன் கூன் என்னும் தலைவரின் கீழ் அத்தீவு மக்களைக் கொன்றும் நாடு கடத்தியும் தீர்த்தது. பிறகு தோட்டங்களில் வேலை செய்ய ஆள் இல்லை. பத்தாவியா நகரைக் கட்டவும் ஆள் வேண்டியிருந்தது. ஆட்களைத் தேடிய கம்பெனியின் கண் சோழமண்டலக் கரைமேல் விழுந்தது.

சாதிக்காயில் உதிரம் இல்லை. அது தாவர உணவு. சாதிபத்திரியையும் கிராம்பையும் விற்ற வணிகர் எவரும் கையில் வாளேந்தியிருக்க வேண்டியதில்லை. துணி நெய்தவர், துணி விற்றவர், கணக்கெழுதியவர், கோட்டையில் ஜெபம் சொன்னவர் ஆகிய எவரும் பந்தாவில் ஒருவரையும் வெட்டவில்லை. எனினும் நம் சாத்திரம் கொலையை ஒன்பது வகையால் எண்ணுகிறது. மனம், மொழி, மெய் மூன்றாலும் செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்பன அவை. செய்யாமலும் செய்விக்காமலும் இருந்துவிட்டு உடன்பாட்டால் வினையைச் சேர்த்துக்கொள்வோர் தொகையே உலகில் மிகப் பெரிது. கம்பெனியின் சம்பளம் பெற்ற போதகர் இவ்வினையிலிருந்து எவ்வளவு விலகி நின்றார்? அவருடைய நூல் பிராமணரின் வாழ்வையும் வழிபாட்டையும் பற்றியது. அடிமைகளின் கண்ணீர் அதன் பொருளன்று. நல்லவர் ஒருவர், கற்றவர், கேட்கத் தெரிந்தவர். ஆனால் அவரைச் சுமந்த கப்பல் எத்தகையது என்று கேட்க அவருடைய பதவி இடம் தரவில்லை. இதனை அவர்மேல் தீர்ப்பாகக் கூறவில்லை. நம் கைகளைப் பார்த்துக்கொள்வதற்காகவே கூறுகிறோம்.

நூல் வெளிவந்தமை

1642ஐ ஒட்டி ரொஜேரியஸ் பழவேற்காட்டை விட்டுப் பத்தாவியா சென்றார். அவர் இங்கிருந்தபோதே, 1639இல், தெற்கே சிறிது தொலைவில் ஆங்கிலேயர் சென்னப்பட்டினத்தில் நிலம் பெற்றனர் என்பது நினைவுகூரத்தக்கது. பத்தாவியாவில் ஐந்தாண்டுகள் பணிபுரிந்து 1647இல் தாயகம் திரும்பினார். கௌடா என்னும் ஊரில் 1649இல் காலமானார். அப்பொழுது அவருக்கு நாற்பது வயதளவே இருக்கும். தம் நூலை அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் மனைவியார் கைப்படியைப் பாதுகாத்து 1651இல் லெய்டனில் வெளிவரச் செய்தார். மறைந்து கிடக்கும் புறச்சமயத்திற்குத் திறந்த கதவு என்பது அதன் பெயர்ப் பொருள். 1663இல் நூரம்பர்க்கில் ஜெர்மன் மொழியிலும், 1670இல் ஆம்ஸ்டர்டாமில் பிரெஞ்சு மொழியிலும் அது வெளிவந்தது. ஜெர்மானியப் பேரறிஞர் ஹெர்டர், பர்த்ருஹரியின் கருத்துகள் சிலவற்றை இந்நூலின் வழியாகவே எடுத்து 1792இல் தம் நாட்டாருக்குத் தந்தார். 1915இல் காலந்து என்னும் டச்சு வடமொழி அறிஞர் அதனை ஆராய்ந்து மீண்டும் பதிப்பித்தார். பத்மநாபர் இவை ஒன்றையும் அறிந்திருக்க மாட்டார். அவர் வாய்மொழி நூற்றாண்டுகளைக் கடந்து சென்றது. அவர் உடல் எங்கே வீழ்ந்தது என்பதற்குக் கல்லும் இல்லை.

குப்பத்தில் கண்டது

கல்லறைத் தோட்டத்தை விட்டு நாம் ஏரிக்கரைக்கு வந்தோம். கோட்டையின் பெயரைத் தாங்கி நிற்கும் கோட்டைக்குப்பம் அருகிலேயே உள்ளது. கோட்டை போயிற்று, குப்பம் இருக்கிறது. விஜயநகரமும் டச்சும் ஆங்கிலமும் வந்து போன பின்னரும் அம்மக்கள் அதே ஏரியில் அதே இறாலைப் பிடித்து வாழ்கின்றனர்.

அவர்களிடையே பாடு என்றொரு முறை வழங்கி வருகிறது. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சில, குறைவாகக் கிடைக்கும் இடங்கள் சில. வலியவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி கிடப்பான். ஆகவே ஊரில் தலைக்கட்டு உரிமை பெற்றவர்கள் கோயிலில் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்னார் இன்ன பாட்டில் வலை கட்டுவது என்று வகுத்துக்கொள்கின்றனர். இன்று நல்ல பாடு பெற்றவர் நாளை குறைந்த பாட்டிற்குச் செல்வார். எவருக்கும் நிலையான பங்கு இல்லை, எவருக்கும் நிலையான இழப்பும் இல்லை. அரசாணை எதுவும் பிறப்பிக்காத ஒரு நீதி நீரின்மேல் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்நீதிக்கும் எல்லை உண்டு. தலைக்கட்டில் பெயர் இல்லாத பிற குலத்தாருக்கு அச்சீட்டு இல்லை. கரையோரச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்போருக்குப் பாடும் இல்லை. எந்தக் கதவும் சிலருக்குத் திறந்தே பலருக்கு மூடியிருக்கிறது என்பதனை அங்கும் கண்டோம்.

மீன்பிடித் தொழில் நம் விரதத்திற்கு உடன்பாடானதன்று. இதில் நாம் எதனையும் மழுப்ப விரும்பவில்லை. வலையில் துடிக்கும் உயிரைக் கண்டு நம் நெஞ்சம் நடுங்கிற்று. உயிர்க்கொலையை நால்வகையாகப் பகுத்த நம் ஆசாரியர்கள், சங்கற்ப ஹிம்சையை இல்லறத்தாரும் முற்றாக விலக்க வேண்டும் என்றனர். அந்நெறியில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அக்கரையில் நின்றபோது மற்றோர் எண்ணமும் எழுந்தது. மீனவர் செய்யும் கொலை அவர் கண்முன்னே, அவர் கையாலேயே நிகழ்கிறது. அவர் அதனை எவரிடமும் மறைப்பதில்லை. சாதிக்காய்க்காகப் பந்தாவில் நிகழ்ந்த கொலையோ கணக்குப் புத்தகத்தில் மறைந்தது. அதனால் செல்வம் பெற்றோர் பலர் தம்மைக் கொலை அறியாதவர் என்று நம்பி இறந்திருப்பர். இவ்விருவருள் யாருக்கு வினை மிகுதி என்று அளக்க நாம் கேவலஞானியர் அல்லோம். ஒன்று மட்டும் சொல்லலாம். தட்டில் கொலை இல்லை என்பதனாலேயே பெட்டியில் கொலை இல்லை என்று ஆகிவிடாது. நாம் முதலிடும் தொழில், நாம் வாங்கும் பொருள், நாம் பெறும் வட்டி ஆகியவை எந்தத் தீவிலிருந்து, எவர் முதுகின்மேல் வருகின்றன என்று வினவுவதும் அஹிம்சா விரதத்தின் ஓர் அங்கமே.

அப்பொழுது வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நாங்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்கள் என்றறிந்து தம் வீட்டில் உணவருந்த அழைத்தார். நாங்கள் புலால் உண்ணாதவர் என்று கூறினோம். அவர் சிறிதும் வருந்தவில்லை. வீட்டினுள் சென்று இளநீர் கொண்டுவந்து கொடுத்து, பொழுது சாயுமுன் நாங்கள் உண்ண வேண்டியிருக்கும் என்று தாமாகவே கூறி வழியனுப்பினார். நம் விரதத்தை அவர் எங்கே, எவரிடம் கேட்டறிந்தார் என்று நாம் வினவவில்லை. ஆனால் அவர் தொழிலைப் பற்றியும் பாட்டு முறையைப் பற்றியும் அவ்வூருக்குச் செல்லுமுன் நாம் எவ்வளவு அறிந்திருந்தோம் என்று நம்மையே வினவிக்கொண்டோம்.

முடிவுரை

ஆபிரகாம் ரொஜேரியஸ் மகான் அல்லர். கம்பெனியின் ஊழியர், தம் சமயமே மெய் என்று உறுதியாக நம்பியவர், ஒரு குலத்தாரின் வாயால் ஒரு நாட்டை அறிந்தவர். ஆனால் அவர் கேட்டார். கேட்டதைத் திரிக்காமல் எழுத முயன்றார். சொன்னவரின் பெயரை மறைக்கவில்லை. மாற்றாருக்கும் அறிவுண்டு என்றார். இந்நான்கு பண்புகளும் நம் அநேகாந்த நெறிக்கு அணிசெய்வன. அவர் கேளாமல் விட்ட வினாக்கள் அஹிம்சா நெறி நம்மைக் கேட்கச் சொல்லும் வினாக்கள். இரண்டையும் சேர்த்துக் கற்றால்தான் அவர் வாழ்க்கை நமக்குப் பாடமாகும்.

புழலுக்குச் செல்லும் அன்பர்கள் ஒருமுறை பழவேற்காட்டிற்கும் செல்லுமாறு வேண்டுகிறோம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எலும்புக்கூடு செதுக்கிய வாயிலைக் காட்டி யாக்கை நிலையாமையைச் சொல்லுங்கள். கோட்டை மேட்டைக் காட்டிச் செல்வம் நிலையாமையைச் சொல்லுங்கள். பிறகு ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, அங்குள்ளோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். நம் விரதத்தை விடாமலே பிறருக்குச் செவி கொடுக்க இயலும் என்பதனை அவர்கள் இளமையிலேயே அறியட்டும்.

அறம் வளர்க! கொல்லா நெறி எங்கும் ஓங்குக!